புரவலர் மாறும்போது: மல்கிரேவிலிருந்து சிட்னி வரை

மறுமலர்ச்சிக் காலக் கலைஞர்களில் புரவலர்களிடம் அதிகம் அல்லற்பட்டவர் மைக்கலாஞ்சலோ. 1505இல் போப் இரண்டாம் ஜூலியஸ் தமக்கொரு கல்லறை செதுக்கித் தரும்படி அவரை ரோமுக்கு அழைத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட சிலைகள் கொண்ட பெருந்திட்டம் அது. பளிங்கு தேர்ந்தெடுக்கக் கராரா மலையில் எட்டு மாதம் கிடந்து, வெட்டிய கல் ரோமுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் போப்பின் கவனம் புனித பேதுரு ஆலயத்தைப் புதிதாகக் கட்டுவதன் பக்கம் திரும்பிவிட்டது. கல்லுக்குப் பணம் வரவில்லை. கேட்கப் போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். 1506 ஏப்ரலில் அவர் யாரிடமும் சொல்லாமல் ஃப்ளாரன்ஸுக்குப் போய்விட்டார்.

ஜூலியஸ் முன்கோபி. ஆனாலும் அந்தப் போப்பும் இந்தச் சிற்பியும் சமாதானமாயினர். 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் ஆலயத்தின் விதானம் முழுவதும் ஓவியமாகியது அந்தச் சமாதானத்தின் பயன்தான். உண்மையான துன்பம் 1513இல் ஜூலியஸ் இறந்த பிறகே தொடங்கியது. அடுத்து வந்த மெடிசி குடும்பத்துப் போப்புகளுக்கு முன்னவரின் கல்லறையில் அக்கறை இல்லை. அவர்கள் தங்கள் வேலைகளை மைக்கலாஞ்சலோ மேல் சுமத்தினார்கள். ஜூலியஸின் வாரிசுகளோ வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்டார்கள். ஒப்பந்தம் 1542 வரை மீண்டும் மீண்டும் திருத்தி எழுதப்பட்டது. 1545இல் ரோமின் வேறொரு ஆலயத்தில், சுருங்கிப்போன வடிவில் கல்லறை முடிந்தது. அதன் நடுவில் இருக்கும் மோசே சிலை ஒன்றே முதல் திட்டத்தின் பெருமையைச் சொல்லும்.

ஆணையிட்டவரின் கோபத்தைக் கலைஞர் தாங்கிவிடுகிறார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்பவரின் அலட்சியத்தைத்தான் தாங்க முடிவதில்லை. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் இதற்குக் கண்முன் சாட்சிகள் உண்டு. மெல்பர்ன், கான்பெரா, சிட்னி ஆகிய மூன்று நகரங்களையும் ஒரே சாலைப் பயணத்தில் இணைத்து அவற்றைப் பார்த்துவிடலாம். பயணம் தொடங்க மல்கிரேவ் பொருத்தமான இடம்.

மல்கிரேவ், மெல்பர்ன் நகர மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தென்கிழக்கே, மோனாஷ் மாநகராட்சிக்குள் அமைந்த புறநகர். இலங்கையரும் இந்தியரும் கணிசமாகக் குடியேறியிருக்கும் பகுதி. மோனாஷ் ஃப்ரீவேயை ஒட்டி நிற்கும் வேவர்லி பார்க் என்ற பழைய கால்பந்து அரங்கம் இவ்வூரின் அடையாளம். விக்டோரியக் கால்பந்து லீகின் தலைவர் கென்னத் லூக் கண்ட கனவு அது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரத் திட்டமிட்டு 1970இல் திறந்தார்கள். மறு ஆண்டே லூக் இறந்தார். அரங்கம் திட்டமிட்ட அளவில் பாதியோடு நின்றது. 1980களில் அதைப் பெரிதாக்கி இறுதிப் போட்டியை இங்கே கொண்டுவர லீக் முயன்றபோது மாநில அரசு தடுத்துவிட்டது. பேசப்பட்ட ரயில் பாதையும் வரவில்லை. 1999இல் கடைசி லீக் ஆட்டம் நடந்தது. பிறகு நிலத்தின் பெரும்பகுதி குடியிருப்பாகியது. பாரம்பரியச் சின்னமாகக் காக்கப்பட்ட பிரதான பார்வையாளர் மாடமும் ஆடுகளமும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

ரயிலுக்குத் தெற்கே ஸ்பிரிங்வேல் நிலையத்துக்குத்தான் போகவேண்டும். அங்கிருந்து நகருக்குள் நுழைந்தால் முதலில் பார்க்கவேண்டியது, ஸ்வான்ஸ்டன் தெருவும் காலின்ஸ் தெருவும் சந்திக்கும் நகரச் சதுக்கம். 1980 மே மாதம் இரண்டாம் எலிசபெத் அரசி இதைத் திறந்துவைத்தபோது நடுவில் ஒரு பெரிய மஞ்சள் சிற்பம் நின்றது. கனத்த எஃகுத் தகடுகளைச் சாய்த்தும் மடக்கியும் இணைத்த அருவ வடிவம். அதைச் செய்த ரான் ராபர்ட்சன்-ஸ்வான், லண்டனில் ஆந்தனி கேரோவிடம் படித்து ஹென்றி மூரிடம் உதவியாளராக இருந்தவர். போட்டி வைத்து அவரைத் தேர்ந்தெடுத்தது மெல்பர்ன் நகர மன்றமே. 70,000 டாலருக்கு 1978இல் ஆணை கொடுத்ததும் அதுவே.

சிற்பம் எழுந்து நிற்பதற்கு முன்பே மன்றத்துக்குள் எதிர்ப்புக் கிளம்பியது. செய்தித்தாள்கள் அதற்கு ‘மஞ்சள் அபாயம்’ என்று பட்டப்பெயர் சூட்டின. ஆசியக் குடியேறிகளுக்கு எதிராக முந்தைய நூற்றாண்டில் வழங்கிய வசைச்சொல் அது. ஸ்பிரிங்வேலின் குடியேறிகள் விடுதியில் வியட்நாம் அகதிகள் வந்திறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்தப் பெயர் கூச்சமின்றிப் புழங்கியது வருத்தத்துக்குரியது. கலைஞர்களும் பொதுமக்களில் ஒரு பகுதியினரும் சிற்பத்தின் பக்கம் நின்றார்கள். ஆனால் மன்றத்தில் எதிர்ப்பாளர்களின் கை ஓங்கியது. அகற்றும் தீர்மானம் நிறைவேறி, சிற்பம் கழற்றப்பட்டு, 1981இல் யாரா ஆற்றோரம் பேட்மன் பூங்காவில் ஒதுக்கமான ஓர் இடத்தில் மறுபடி நிறுத்தப்பட்டது. சென்னைக் கடற்கரையில் கண்ணகி சிலை 2001 டிசம்பரில் எடுக்கப்பட்டதையும், ஆட்சி மாறிய 2006இல் திரும்பி வந்ததையும் பார்த்த தமிழர்களுக்கு இது விளங்காத கதையல்ல. கண்ணகிக்குப் பழைய இடம் கிடைத்தது. மஞ்சள் சிற்பத்துக்குக் கிடைக்கவில்லை.

சதுக்கமும் நிலைக்கவில்லை. ஒரு பகுதியில் ஹோட்டல் எழுந்தது. மிச்சத்தை மெட்ரோ சுரங்க ரயிலுக்காகத் தோண்டினார்கள். எந்தச் சதுக்கத்தின் அழகைக் கெடுக்கிறது என்று சொல்லிச் சிற்பத்தை விரட்டினார்களோ அந்தச் சதுக்கமே இன்று பழைய உருவில் இல்லை. சிற்பமோ 2002இல் இடம்பெயர்ந்து, ஸ்டர்ட் தெருவில் சமகாலக் கலைக்கான ஆஸ்திரேலிய மையத்தின் பக்கத்தில் நிற்கிறது. துருப்பிடித்த எஃகுச் சுவர் கொண்ட அந்தக் கட்டடத்தின் முன் மஞ்சள் நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. ஸ்வான்ஸ்டன் தெருவிலிருந்து டிராமில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சதுக்கத்திலிருந்து சில அடி தூரத்தில், நகர மண்டபத்துக்கு எதிரே கேபிடல் திரையரங்கம். 1924 நவம்பரில் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகக் கட்டடம்தான். உள்ளே போனால் தலைக்கு மேல் படிகக் குகை போன்ற விதானம். சுண்ணச் சாந்தில் வார்த்த ஆயிரக்கணக்கான கோணங்களுக்குப் பின்னால் வண்ண விளக்குகள் ஒளிந்திருந்து நிறம் மாற்றிக்கொண்டே இருக்கும். மெல்பர்னில் ஒரே ஓர் உட்புறம் பார்க்க நேரம் இருக்கிறவர் இதையே பார்க்கவேண்டும். 1960களில் புதிய தேவைகள் வந்தன. கீழ்த்தளத்தை வெட்டிக் கடைத்தெருவாக்கினார்கள். விதானம் தப்பியது. 1999இல் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அரங்கத்தை வாங்கி, புதுப்பித்து 2019இல் மறுபடி திறந்தது.

இதை வடிவமைத்தவர்கள் வால்டர் பர்லி கிரிஃபினும் அவருடைய மனைவி மேரியன் மஹோனி கிரிஃபினும். அதே தெருவில் டிராமில் வடக்கே போனால், மெல்பர்ன் பல்கலைக்கழகத்தை ஒட்டி அவர்களுடைய நியூமன் கல்லூரியும் இருக்கிறது. மணற்கல் சுவர்களும், உணவுக்கூடத்தின் மேல் பெரிய குவிமாடமும் கொண்ட கத்தோலிக்க மாணவர் விடுதி, 1918இல் திறக்கப்பட்டது. சிகாகோவிலிருந்து வந்த இந்தத் தம்பதி திரையரங்கம் கட்டவோ விடுதி கட்டவோ ஆஸ்திரேலியாவுக்கு வரவில்லை. ஒரு நாட்டின் தலைநகரைக் கட்ட வந்தார்கள்.

மெல்பர்னிலிருந்து கான்பெராவுக்குச் சாலை வழியே சுமார் 660 கிலோமீட்டர். ஹியூம் நெடுஞ்சாலை ஆல்பரியில் முர்ரே ஆற்றைக் கடந்து, கண்டகாய் தாண்டி, யாஸ் அருகே கான்பெராவுக்குப் பிரிகிறது. பெரும்பகுதி ஆட்டு மேய்ச்சல் நிலமும் யூகலிப்டஸ் மரங்களும். நகரை அடைந்ததும் முதலில் ஐன்ஸ்லி மலைக்கு ஏறுவதே சரி. உச்சியிலிருந்து போர் நினைவகம், அன்சாக் அணிவகுப்புச் சாலை, ஏரி, பழைய நாடாளுமன்றம், அதன் பின்னால் குன்றின் மேல் புதிய நாடாளுமன்றம் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் கிடக்கும். 1911இல் மேரியன் இந்தக் காட்சியைத் துணியில் தீட்டியபோது, இடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அரசு அனுப்பிய நில வரைபடங்களையும் விவரங்களையும் வைத்துச் சிகாகோவில் உட்கார்ந்து வரைந்தார். மலையுச்சியில் உள்ள பார்வைமேடைக்கு 2013இல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

தலைநகர் வடிவமைப்புப் போட்டிக்கு 137 வரைவுகள் வந்தன. முடிவுசெய்யும் அதிகாரம் அமைச்சரிடமே இருக்கும் என்ற நிபந்தனையை ஏற்காமல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கம் போட்டியைப் புறக்கணித்தது. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அந்த எச்சரிக்கை நியாயமானதே. நடுவர் மூவரில் இருவர் கிரிஃபினைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் வேறொரு வரைவை விரும்பினார். உள்துறை அமைச்சர் கிங் ஓமாலி பெரும்பான்மையை ஏற்று 1912 மே 23 அன்று கிரிஃபினுக்கு 1,750 பவுண்டு முதற்பரிசை அறிவித்தார்.

பரிசு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. ஓமாலி வரைவுகளைத் துறை அதிகாரிகளின் குழு ஒன்றிடம் கொடுத்தார். குழு, பரிசு பெற்ற வரைவுகளிலிருந்து ஆங்காங்கே எடுத்து ஒட்டித் தன் சொந்தத் திட்டமொன்றைத் தயாரித்தது. 1913 பிப்ரவரியில் அந்தத் திட்டத்துக்குத்தான் முதல் முளை அடித்தார்கள். அதே ஆண்டு தேர்தலில் ஆட்சி மாறியது. இந்த ஒருமுறை மாற்றம் கலைஞருக்குச் சாதகமாக அமைந்தது: புதிய அரசில் பொறுப்பேற்ற வில்லியம் கெல்லி கிரிஃபினை வரவழைத்து, குழுவைக் கலைத்து, அக்டோபரில் அவரையே வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் இயக்குநராக்கினார். நாடாளுமன்றம் அப்போது மெல்பர்னில் இருந்தது. எனவே அவருடைய அலுவலகமும் மெல்பர்னிலேயே.

அடுத்த ஆண்டே ஆட்சி மறுபடி மாறியது. புதிய அமைச்சர் வில்லியம் ஆர்ச்சிபால்டுக்குக் கிரிஃபின் மேல் நம்பிக்கை இல்லை. கலைக்கப்பட்ட குழுவின் அதிகாரிகளோ துறையில் அப்படியே இருந்தார்கள். செயலர் டேவிட் மில்லர், பொதுப்பணித் தலைவர் பெர்சி ஓவன், நில அளவையர் சார்லஸ் ஸ்க்ரிவனர் முதலியோர் நேற்றுவரை தங்கள் திட்டத்தை நடத்தியவர்கள். இன்று அமெரிக்கர் ஒருவருக்குக் கோப்புகளைக் கொடுக்கச் சொன்னால் மனம் வருமா? தகவல்கள் தாமதமாக வந்தன, சில வரவேயில்லை. போர் தொடங்கிப் பணமும் வற்றியது. 1915இல் ஓமாலி மறுபடி அமைச்சரானபோது விசாரணைக்கு வழி பிறந்தது. வில்ஃப்ரெட் பிளாக்கெட் தலைமையில் நடந்த அரச ஆணைய விசாரணை, கிரிஃபினுக்குத் தேவையான தகவல்கள் மறைக்கப்பட்டன, அதிகாரிகள் அவர் பணியைத் தடுத்தார்கள் என்று 1917இல் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு வந்தபோது ஓமாலி பதவியில் இல்லை. கிரிஃபினிடமும் குறை இருந்தது. பெரிய திட்டத்தைத் தீட்டுவதில் இருந்த வேகம், விவர வரைபடங்களை முடித்துக் கொடுப்பதில் இல்லை என்று அதிகாரிகள் சொன்னதில் முழுப் பொய் இல்லை. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த தண்டனை அளவுக்கு மீறியது. 1920 இறுதியில் அவருடைய பதவிக்கே முடிவு கட்டி, ஜான் சல்மன் தலைமையில் ஆலோசனைக் குழு அமைத்து, அதில் ஓர் உறுப்பினராக உட்காரச் சொன்னார்கள். கிரிஃபின் மறுத்துவிட்டு விலகினார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஐன்ஸ்லி மலையிலிருந்தே படிக்கலாம். வெள்ளையாகத் தெரியும் பழைய நாடாளுமன்றம், அச்சுக்கோட்டில் அவர் வெற்றிடமாக விட்ட நிலத்தில் 1927இல் எழுந்தது. ஏரிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரதமர் மென்சீஸின் பிடிவாதத்தால் 1963இல் மொலாங்லோ ஆற்றின் அணை மூடப்பட்டு, மறு ஆண்டு ஏரி நிறைந்தது. ஏரிக்குக் கிரிஃபின் பெயரை வைத்தார்கள். அதைத் தேக்கும் அணைக்கு ஸ்க்ரிவனர் பெயரை வைத்தார்கள். கிரிஃபின் தம் திட்டத்தின் மைய முக்கோணத்துக்கு உச்சியாக வைத்த குன்றின் மேல் 1988இல் புதிய நாடாளுமன்றம் வந்தது. பன்னாட்டுப் போட்டி வைத்து, ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் கட்டிய தலைமைச் செயலகம் 2010இல் திறக்கப்பட்டு, மறு ஆண்டு ஆட்சி மாறியதும் மருத்துவமனையாக்கப்பட்டதைப் பார்த்த நமக்கு ஒன்று தோன்றும்: கான்பெராவின் கோடுகள் சிதைந்தாலும் அழியவில்லை. 1925இல் கிரிஃபினின் தெரு வரைபடத்தைச் சட்டபூர்வமாக அரசிதழில் வெளியிட்டதும், அதை மாற்ற நாடாளுமன்றம் தலையிடலாம் என்று வைத்ததும் அதற்கு முக்கியக் காரணம்.

கான்பெராவிலிருந்து சிட்னிக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். துறைமுகத்தின் வடக்குக் கரையில், மிடில் ஹார்பர் நீர்ப்பரப்பை ஒட்டிய காசில்கிராக் குடியிருப்பு, கிரிஃபினின் அடுத்த அத்தியாயம். அரசை நம்பிக் கெட்டவர், நிறுவனம் ஒன்று தொடங்கி 1921இல் நிலத்தைத் தாமே வாங்கித் தமக்குத் தாமே புரவலரானார். பாறையை உடைக்காமல் சரிவைப் பின்பற்றி வளையும் தெருக்கள், வீடுகளுக்குப் பின்னால் பொதுவில் விட்ட காட்டுத்துண்டுகள், உள்ளூர்க் கல்லில் தணிவான வீடுகள்: எல்லாம் இன்றும் இருக்கின்றன. கடற்கரைப் பக்கத்தைப் பொதுவுக்கு விட்ட ஒருவரின் தாராளத்தை அங்கு நடக்கும்போதுதான் உணர முடியும். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்த வருமானமும் நின்றது. குப்பை எரிகூடங்களை வடிவமைத்துக் காலம் தள்ளினார்.

1935இல் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. லக்னோ பல்கலைக்கழக நூலகத்துக்கு வரைபடம் கேட்டிருந்தார்கள். போன இடத்தில் வேலைகள் குவிந்தன: பயனியர் செய்தித்தாள் கட்டடம், மகமூதாபாத் ராஜாவுக்கு நூலகம், ஐக்கிய மாகாணப் பொருட்காட்சியின் அரங்குகள். மறு ஆண்டு மேரியனும் வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியாவில் பத்து ஆண்டுகளில் கிடைக்காத உற்சாகம் அங்கே கிடைத்தது. பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் வயிற்று உள்ளுறை அழற்சி கண்டு, கிரிஃபின் 1937 பிப்ரவரி 11 அன்று லக்னோவில் அறுபதாவது வயதில் இறந்தார். அங்குள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைக்கப்பட்ட இடத்துக்கு 1988 வரை அடையாளக் கல் இல்லை.

காசில்கிராக்கிலிருந்து துறைமுகப் பாலத்தைத் தாண்டினால் பென்னலாங் முனையில் ஆபரா ஹவுஸ். இதன் கதை பரவலாகத் தெரிந்தது; சுருக்கமாகச் சொன்னால் போதும். 1957இல் 233 வரைவுகளிலிருந்து டென்மார்க்கின் யோர்ன் உட்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழிற்கட்சி முதல்வர் ஜோசப் கேஹில் லாட்டரிச் சீட்டு நடத்திப் பணம் திரட்டினார். வரைபடங்கள் முடிவதற்கு முன்பே 1959 மார்ச்சில் வேலையைத் தொடங்கச் செய்தார். பாதி எழுந்துவிட்டால் யாரும் நிறுத்த முடியாது என்பது அவர் கணக்கு. அக்டோபரில் அவர் இறந்தார். அவசரத்தின் விலை உட்சன் தலையில் விழுந்தது: கூரைகளின் வடிவக் கணிதம் தீர 1961 ஆயிற்று, முதலில் போட்ட அடித்தளத்தின் பகுதிகளைத் திருத்தவேண்டி வந்தது, 70 லட்சம் டாலர் என்ற மதிப்பீடு பன்மடங்கு ஏறியது.

1965 மே மாநிலத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் ராபர்ட் அஸ்கின் வென்றார். பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸ் கையில் கட்டடம் வந்தது. செலவைக் கேள்வி கேட்க ஓர் அமைச்சருக்கு உரிமை உண்டு. ஆனால் கட்டணத்தை நிறுத்திவைப்பதும், உள்ளரங்குக்கான ஒட்டுப்பலகை மாதிரிகளுக்கு அனுமதி மறுப்பதும் கேள்வி கேட்பதாகாது. வெளியேற்றும் வழி அது. 1966 பிப்ரவரி 28 அன்று உட்சன் விலகினார். நாவலாசிரியர் பேட்ரிக் வைட், கட்டடக் கலைஞர் ஹாரி சைட்லர் உட்பட ஆயிரம் பேர் தெருவில் ஊர்வலம் போயும் பயனில்லை. ஏப்ரலில் குடும்பத்துடன் நாட்டை விட்டுப் போன உட்சன், திரும்ப வரவேயில்லை. பீட்டர் ஹால் குழுவினர் உள்ளரங்குகளை வேறு விதமாக முடித்தார்கள். 1973 அக்டோபரில் திறந்தபோது மொத்தச் செலவு 10.2 கோடி டாலர்.

சமரசம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1999இல் உட்சன் மறுபடி ஆலோசகரானார். வருங்கால மாற்றங்களுக்கான வடிவமைப்புக் கொள்கைகளை எழுதிக் கொடுத்தார். கிழக்குப் பக்கத்தில் 2004இல் திறந்த உட்சன் அறை மட்டுமே உள்ளே அவர் எண்ணப்படி அமைந்த இடம். வெளிக் கூரைகளைப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் அந்த அறைக்கும் போகவேண்டும். இழந்தது என்ன என்பதை அது சொல்லும்.

ஆணை கொடுத்தவர் போன பிறகு கலைஞருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியா 2000ஆம் ஆண்டில் சட்டத்தால் ஓரளவு பதில் சொன்னது. காப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட படைப்பாளியின் தார்மீக உரிமைகளின்படி, ஒரு கட்டடத்தையோ அதற்கென்று செய்த சிற்பத்தையோ மாற்றவோ அகற்றவோ இடிக்கவோ நினைக்கும் உரிமையாளர் முன்கூட்டியே படைப்பாளிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். படைப்பாளி கேட்டால் படமெடுத்துக்கொள்ளவும் கலந்து பேசவும் அனுமதிக்க வேண்டும். தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1980இல் மஞ்சள் சிற்பத்துக்கு இந்த அளவு மரியாதைகூட இருக்கவில்லை.

இந்தியாவில் காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இதே உரிமையைப் பேசுகிறது. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அரசே ஆணையிட்டுச் செய்வித்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் புதுப்பிப்பின்போது பிய்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. சேகல் வழக்காடினார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய துண்டுகளை அவரிடம் ஒப்படைத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர அரசுக்கு உத்தரவிட்டது. கட்டடங்களுக்கு அந்த நீதி நீளவில்லை. பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டபோது அவர் தொடர்ந்த வழக்கை அதே நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. நிலத்துக்கு உரியவர் தம் கட்டடத்தை முழுவதுமாக இடிப்பதைக் கட்டடக் கலைஞர் தடுக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பு.